மைக் ஒயரில் மிஞ்சும் பசை

கம்பியில்லா மைக் என்று பெயர் பெற்ற சாதனத்திலும் ஒரு கம்பி இருக்கிறது. நடிகரின் நெற்றிக்கு மேல் மயிரோரத்திலோ, பேச்சாளரின் சட்டைக் காலரிலோ மறைந்திருக்கும் சிறிய ஒலிவாங்கிக்கும், இடுப்பில் செருகியிருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்கும் இடையே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய ஒயர் ஒன்று ஓடுகிறது. ஒலியானது ரேடியோ அலையாக மாறிச் செல்வதெல்லாம் அந்தப் பெட்டிக்கு அப்பால்தான். அந்தச் சாதனம் முழுவதிலும் மிகவும் நொய்ந்த பாகம் இந்த ஒயர். மிகவும் அதிகமாக இழுபடுவதும், வியர்வையில் நனைவதும், டேப்பினால் தோலோடு ஒட்டப்படுவதும் அதுவே. ஒட்டிய டேப்பைப் பிரித்த பிறகு ஒயரின்மேல் மிஞ்சுகிற பசையை எவ்வாறு அகற்றுவது என்ற கேள்வி, கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினும், ஒலியமைப்பைத் தொழிலாகக் கொண்டவர்களிடையே ஓயாத விவாதத்துக்கு இடமாக இருந்து வருகிறது. ஒருவர் ஸ்பிரிட்டைவிட மேலானது இல்லை என்பார். மற்றொருவர் ஸ்பிரிட் ஒயரை விறைக்கச் செய்துவிடும் என்பார். லைட்டர் பெட்ரோலைச் சிபாரிசு செய்பவர் ஒருவர், சாத்துக்குடித் தோலின் எண்ணெயைப் புகழ்பவர் ஒருவர், தேங்காய் எண்ணெயும் பொறுமையும் போதும் என்பவர் ஒருவர். இந்த அபிப்பிராயங்கள் ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஒவ்வொருவரும் தம் கைக்குப் பழகிய ஒரு டேப்பையும், தம் பெட்டியில் உள்ள ஒரு வகை ஒயரையும் மனத்தில் வைத்துக்கொண்டு பொது விதி சொல்லப் புகுவதனால்தான் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. பசையின் சுபாவம் என்ன, ஒயர் உறையின் சுபாவம் என்ன, சுத்தம் செய்த ஒயர் மறுநாள் எங்கே போய்ப் படியப்போகிறது என்ற மூன்றையும் சேர்த்து ஆராய்ந்தால் இந்த விவாதம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஒயரை உடம்போடு ஒட்டும் வழக்கம் வந்த வரலாறு சுருக்கமானது. 1953-இல் அமெரிக்காவின் ஷூர் கம்பெனி 'வாகபாண்ட்' என்ற கம்பியில்லா மைக்கை வெளியிட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மனியின் ஸென்ஹைஸர் கம்பெனி அதே வகையில் ஒன்றைத் தொலைக்காட்சிக்காக உருவாக்கியது. 1964-இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' படத்தில் ரெக்ஸ் ஹாரிஸன், முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க உடன்படாமல், கழுத்து டையில் மறைத்துவைத்த ரேடியோ மைக்கில் நேராகவே பாடினார். 1962-இல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் ஸெஸ்லர் ஆகிய இருவர் கண்டுபிடித்த எலெக்ட்ரெட் முறை, மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே நிரந்தரமாகப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய படலத்தை அளித்ததால், ஒலிவாங்கியை நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக்குவது சாத்தியமாயிற்று. இன்று டென்மார்க்கின் டி.பி.ஏ. கம்பெனி செய்யும் ஒலிவாங்கி ஒன்றின் குறுக்களவு 3 மில்லிமீட்டர்தான். இத்தனை சிறிதான பின், மைக்கைக் கழுத்தில் தொங்கவிடுவானேன், தலையிலேயே ஒளித்துவைக்கலாமே என்று லண்டன், நியூயார்க் நகரங்களின் இசை நாடக அரங்குகள் கண்டுகொண்டன. ஒலிவாங்கி நெற்றியின் நடுவில் மயிரோரத்தில் அமர்கிறது. ஒயர் விக்கின் அடியிலே உச்சிவழியாகப் பின்னால் சென்று, பிடரியில் இறங்கி, அங்கே ஒரு துண்டு டேப்பினால் தோலோடு நிறுத்தப்பட்டு, முதுகுவழியே இடுப்பை அடைகிறது. பிராட்வேயில் ஒரு நாடகம் வாரத்துக்கு 8 காட்சிகள் நடைபெறுவது வழக்கமாகையால், ஆண்டு முழுவதும் ஓடும் நாடகத்தில் ஒரே ஒயர் நானூறு தடவைக்கு மேல் ஒட்டவும் பிரிக்கவும் படுகிறது.

நம் சபா மேடைகளில் மேலே தொங்கவிட்ட மைக்குகளையே நம்பி, வசனம் வரும் சமயத்தில் நடிகர்கள் அவற்றின் அடியில் வந்து நிற்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இப்போது காலர் மைக்கும் கன்னத்தில் ஒட்டும் மைக்கும் நாடகத்துக்கும், நாட்டிய நாடகத்துக்கும், பட்டிமன்றத்துக்கும், கல்யாண வீடியோவுக்கும் சர்வசாதாரணமாகிவிட்டன. ஆனால் மைக் மாறிய வேகத்தில் டேப் மாறவில்லை. ஆஸ்பத்திரி பிளாஸ்திரி இருந்தால் அது. இல்லையேல் எலெக்ட்ரீஷியனின் கறுப்பு இன்சுலேஷன் டேப். அதுவும் தீர்ந்திருந்தால் பார்சல் ஒட்டும் பிரௌன் டேப் என்று, அவசரத்தில் கைக்கு எட்டியது எதுவோ அதுவே ஒயரில் ஏறுகிறது.

மிஞ்சிய பசையை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்குப் போய்வந்த ஒயர் ஒன்றை விளக்கடியில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். டேப் இருந்த இடங்களிலெல்லாம் ஒயரைச் சுற்றி மங்கலான வளையங்கள் தெரியும். அவற்றின்மேல் பவுடரும், பான்கேக் மாவும், ஜரிகை உடையிலிருந்து உதிர்ந்த நூலும், ஓரிரண்டு தலைமயிரும் அப்பி, முதலில் நிறமற்றிருந்த பசை அழுக்குக் கறுப்பாகியிருக்கும். விரலால் நெருடினால் அது சிறு சிறு சுருளாகத் திரண்டு நகர்ந்து, சற்று அப்பால் போய் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். இந்த வளையம் உடையின் உட்புறத்தில் பற்றிக்கொள்ளும்போது, தலையைத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகவேண்டிய ஒயர் போகாமல் இழுபடுகிறது. இழுப்பு முழுவதும் ஒலிவாங்கியின் கழுத்தில் போய் விழுகிறது. துணி ஒயரோடு உராயும் சரசரப்பும் ஒலியில் ஏறுகிறது. சுருட்டிவைத்த ஒயரின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், அடுத்த நாள் அவசரமாகப் பிரிப்பவர் அதைப் பிடுங்குகிறார்; உள்ளே தலைமயிரைப் போல் மெல்லியனவாக உள்ள செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுவது அப்போதுதான். மைக்கில் 'கரகர' என்று சத்தம் வருகிறது, கம்பெனியின் சரக்கு சரியில்லை என்று பழி போடுகிறோம். பழி பல சமயங்களில் டேப்பைச் சேர்ந்தது.

இனிப் பசையின் இயல்பைப் பார்ப்போம். மேற்படி டேப்புகளிலெல்லாம் உள்ளது, காய்வதனாலோ சூட்டினாலோ பிடிக்காமல், அழுத்துவதனாலேயே பிடிக்கும் பசை. அது முழுத் திரவமுமன்று, முழுத் திடப்பொருளுமன்று; கம்பிப் பதத்தில் இறக்கிய வெல்லப் பாகு சூடாயிருக்கும்போது பாத்திரத்தின் கீறல்களுக்குள்ளெல்லாம் ஓடிப் புகுந்து, ஆறியபின் பிடுங்க வரமாட்டேன் என்று நிற்பதைப் போல, இதுவும் மெதுவான அழுத்தத்துக்கு நீர்போல் இளகிப் பரவி, சட்டென்ற இழுப்புக்கு ரப்பர்போல் எதிர்த்து நிற்கிறது. டேப்பைப் பிரிக்கும்போது பிரிவு இரண்டு இடங்களில் நிகழலாம். பசையும் ஒயரும் சந்திக்கும் எல்லையில் பிரிந்தால் ஒயர் சுத்தமாக வெளிவரும்; பசையின் உடலே நடுவில் கிழிந்தால் பாதி டேப்போடு போக, பாதி ஒயரில் தங்கிவிடும். எந்தக் காரணங்களால் பசையின் உட்பலம் குறைகிறதோ அவையெல்லாம் மிச்சத்துக்குக் காரணங்களாகின்றன: வெயிலில் நிற்கும் வேனுக்குள் ஒயர்ப்பெட்டி கிடந்து பெறும் சூடு, உடம்பின் எண்ணெய், நாட்கணக்கில் டேப்பைப் பிரிக்காமல் விட்டுவைக்கும் சோம்பல், எல்லாவற்றுக்கும் மேலாக ஒயரின் உறையிலிருந்தே ஊறிவரும் ஒரு பொருள். அந்தப் பொருளைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பசைகளில் நமக்கு முக்கியமானவை இரண்டு குலங்கள். முதலாவது, ரப்பரையும் பைன் மரத்துப் பிசின் போன்ற ஒட்டும் பிசின்களையும் கலந்து செய்த பசை. 1925-இல் அமெரிக்காவின் 3எம் கம்பெனியில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் கார்களுக்கு இரட்டை வர்ணம் பூசும் தொழிலாளிகளின் கஷ்டத்தைக் கண்டு மறைப்பு டேப்பை ஆக்கிய காலத்திலிருந்து, இந்தக் குலம் பல கிளைகளாகப் பெருகியிருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, இல்லினாய் மாகாணத்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த வெஸ்டா ஸ்டவுட் என்ற பெண்மணி, தோட்டாப் பெட்டிகளை மூட நல்ல துணி டேப் வேண்டுமென்று 1943-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதியதன் பயனாகப் பிறந்தது டக்ட் டேப். அதன் பசை கனமானது, கொழகொழப்பானது, உரித்தால் பின்தங்குவது. சினிமா ஒளியமைப்பாளரான ராஸ் லோவெல், அந்தத் துணி முதுகையே வைத்துக்கொண்டு, எளிதில் உரியும் பசையை 1959-இல் அதில் சேர்த்ததனால் காஃபர் டேப் தோன்றிற்று. மேடைக்காரர்கள் அதை விரும்புவதற்கு அதுவே காரணம். ஆயினும் அதுவும் ரப்பர்ப் பசையே. சூட்டிலும் நாட்பட்டும் அதுவும் மிச்சம் வைக்கும். நம்மூர் இன்சுலேஷன் டேப்பின் பசையும் பெரும்பாலும் இந்தக் குலமே. இரண்டாவது குலம் அக்ரிலிக் பசை. மருத்துவ டேப்புகளான மைக்ரோபோரும் டிரான்ஸ்போரும் இதனைச் சேர்ந்தவை. முன்னது காகிதம் போன்ற மெல்லிய முதுகுடையது, பின்னது துளைகளிட்ட பிளாஸ்டிக் முதுகுடையதாய்க் கையாலேயே நெடுக்கிலும் குறுக்கிலும் நேராகக் கிழிவது. ரப்பர்ப் பசை காற்றில் உள்ள பிராணவாயுவினால் முதலில் இளகிப் பிசுபிசுத்து, பின்னர் உலர்ந்து பொருக்காகிறது. அக்ரிலிக் பசை அவ்வாறு கெடாமல் நீடித்து நிற்கும். ஆகவே பழைய அழுக்கு வளையம் ரப்பர்க் குலத்தினது என்று ஊகிப்பது பெரும்பாலும் தவறாகாது.

உறையின் விஷயத்தைத்தான் நம்மவர் மிகவும் அலட்சியம் செய்கிறார்கள். பசையை எது கரைக்கும் என்று கேட்கிறோமே ஒழிய, எது ஒயரைக் கரைக்காது என்று கேட்பதில்லை. சாதாரண ஒயரின் உறை பி.வி.சி. பிளாஸ்டிக். இயல்பில் அது விறைப்பானது. தண்ணீர்க் குழாய் செய்யும் பொருளும் அதுதான். அதை நூல்போல் வளைய வைப்பதற்காக, எண்ணெய் போன்ற ஓர் இளக்கியை, சில சமயம் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட, அதனுள் கலக்கிறார்கள். இந்த இளக்கி பிளாஸ்டிக்கோடு ரசாயன பந்தம் கொண்டதன்று. உள்ளே குடியிருப்பது மட்டுமே. ஆகவே இடம் கிடைத்தால் வெளியே நடந்துவிடும். ஒயரின்மேல் டேப் வெகுநாள் ஒட்டியிருந்தால் இளக்கி உறையிலிருந்து பசைக்குள் குடிபெயர்ந்து, பசையைத் தேன்போல் இளக்கிவிடுகிறது. முன்னே குறிப்பிட்ட பொருள் இதுவே. சில ஒயர்களில் பசை கொழகொழவென்று வழிவதற்குக் காரணம் டேப்பின் குற்றம் மாத்திரமன்று; ஒயரே தன் உயிர்ச்சத்தைப் பசைக்குக் கொடுத்திருக்கிறது. அதே இளக்கியைத்தான் கரைப்பான் திரவங்களும் உறிஞ்சி எடுக்கின்றன. உறிஞ்சப்பட்ட ஒயர் அன்றைக்குப் பளபளவென்று இருக்கும். சில வாரங்களில் விறைத்து, சுருட்டிய வடிவத்திலேயே நின்று, வளைத்த இடத்தில் வெடிக்கும்.

பி.வி.சி. அல்லாத உறைகளும் உண்டு. பாலியூரிதேன் உறை எண்ணெய்களுக்கும் பெட்ரோலிய இனத்துத் திரவங்களுக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆல்கஹாலில் ஊறவிட்டால் சற்று உப்பும். ஸ்டைரீன் வகையைச் சேர்ந்த மென் ரப்பர் உறைகளின் குணம் இதற்கு நேர்மாறு: ஆல்கஹால் அவற்றை ஒன்றும் செய்யாது, எண்ணெயும் பெட்ரோலியமும் உப்பச் செய்துவிடும். சிலிக்கோன் உறையில் சாதாரண டேப் சரியாக ஒட்டுவதே இல்லை. ஒட்டினாலும் ஆல்கஹால் போதும். ஆகவே பாலியூரிதேன் ஒயர் வைத்திருப்பவர் லைட்டர் பெட்ரோலைப் புகழ்வதும், மென் ரப்பர் ஒயர் வைத்திருப்பவர் அதை இகழ்வதும் இரண்டும் நியாயமே. வாங்கும்போது உறை எது என்று கேட்டுப் பெட்டியின்மேல் எழுதிவைப்பதற்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்காது. அதைச் செய்பவர்கள் அரிது.

இந்த அறிவோடு கரைப்பான்களைப் பரிசீலிக்கலாம். முதலில் எல்லோர் கையிலும் இருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இது அக்ரிலிக் பசையை ஓரளவு இளக்கி உப்பவைத்து உறையிலிருந்து விடுவிக்கிறது. மருத்துவ டேப்பின் புதிய மிச்சத்துக்கு இதுவே தக்கது. ரப்பர்ப் பசையிலோ, ரப்பரை இது கரைப்பதில்லை; அதனுடன் கலந்த பைன் பிசினை மாத்திரம் கரைத்து எடுக்கிறது. பிசினை இழந்த ரப்பர் ஒட்டும் சக்தி குன்றித் துகள்துகளாக உதிர்கிறது. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் பசை அழிப்பான் தூள்போலத் திரண்டு வருவதன் ரகசியம் இதுதான். ஸ்பிரிட்டை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களைக் காண்கிறார்கள். தூள் வருவதை ஒருவர் பார்க்கிறார், தூள் வருவதற்காக எவ்வளவு நேரம் எவ்வளவு அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கிறது என்பதை மற்றவர் பார்க்கிறார். ஆல்கஹால் ஒயரை விறைக்கச் செய்யும் என்ற குற்றச்சாட்டில், தினமும் நனைப்பவர்களைப் பொறுத்தவரை உண்மை உண்டு. எப்போதேனும் ஒரு முறை துணியில் நனைத்துத் துடைப்பவருக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. அந்த ஒயர்களைக் கெடுப்பது பெரும்பாலும் தேய்க்கிறபோது இழுக்கிற இழுப்பே என்று நான் கருதுகிறேன். எழுபது சதவிகித ஆல்கஹால் கிருமியைக் கொல்வதற்குச் சிறந்ததாயினும், பசைக்கு அதிலுள்ள தண்ணீர் இடைஞ்சல். செறிவு மிக்கதே நல்லது. மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பிரிட்டிஷ் மருந்து நூலின் முறைப்படி செய்ததில் தோலுக்காக விளக்கெண்ணெயும் சேர்ந்திருக்கும், அது ஒயரில் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். இன்னொன்று, நாடகக் கம்பெனிகளில் நடிகரின் தோல் நிறத்துக்கோ மயிர் நிறத்துக்கோ பொருந்துமாறு மார்க்கர் பேனாவினால் ஒயருக்கு நிறம் தீட்டுவது உண்டு. ஆல்கஹால் பசைக்கு முன்னால் அந்த நிறத்தைக் கழுவிவிடும்.

ரப்பர்க் குலத்துப் பசைக்கு இயற்கையான விரோதி லைட்டர் பெட்ரோல். இனம் இனத்தைக் கரைக்கும் என்ற விதிப்படி, ரப்பரும் பைன் பிசினும் இந்த ஹைட்ரோகார்பன் திரவத்தில் உடனே இளகுகின்றன. தேய்க்கவே வேண்டாத அளவுக்கு இளகுகின்றன. திரவமும் விரைவில் ஆவியாகி, எண்ணெய்ப் பிசுக்கை மிச்சம் வைப்பதில்லை. தேய்ப்பைக் குறைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, பழைய இன்சுலேஷன் டேப் வளையங்களுக்கு நான் இதையே முதலாவதாக வைப்பேன். ஆனால் பி.வி.சி.யின் இளக்கியையும் இது வெகு சுலபமாக உறிஞ்சும். ஆகையால் நனைந்த துணி ஒயரைத் தொட்டிருக்கும் நேரம் விநாடிக் கணக்கில் இருக்க வேண்டும். மேடை விளக்குகளின் அருகிலோ, பூஜையில் கர்ப்பூரம் கொளுத்தும் இடத்திலோ, சிகரெட் பிடிப்பவர் பக்கத்திலோ இதைத் திறக்கவே கூடாது. வண்டிக்குப் போடும் பெட்ரோல் இதன் உறவினன் என்று எண்ணி அதைப் பயன்படுத்துகிறவர்களைத் தடுத்தே ஆக வேண்டும். புற்றுநோய்க்குக் காரணமாகும் பென்ஸீன் அதில் உண்டு, நடிகரின் கழுத்தில் படியப்போகிற ஒயருக்கு அது ஆகாது. மண்ணெண்ணெய் பசையைக் கரைக்கும். மெதுவாகத்தான் கரைக்கும், நாற்றமும் எண்ணெயும் போகமாட்டா.

சாத்துக்குடி, ஆரஞ்சு முதலியவற்றின் தோலில் உள்ள லிமோனீன் என்ற எண்ணெய், ரப்பர்ப் பசையைக் கரைப்பதில் பெட்ரோலியத்துக்குக் குறைந்ததன்று. ஸ்டிக்கர் நீக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது அதுவே. ஆனால் அது மெதுவாக ஆவியாவதால், ஒயருக்குள் ஊற நேரம் கிடைக்கிறது, படலமும் மிஞ்சுகிறது. காற்றில் வெகுநேரம் இருந்த லிமோனீன் சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். இயற்கைப் பொருள், ஆகவே சாது என்று நினைப்பது இங்கே பொருந்தாது. அதன் சகோதரன் என்று சொல்லத்தக்கது நமது நீலகிரித் தைலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து உதகமண்டலத்து மலைகளில் பரவிய யூகலிப்டஸ் மரத்தின் இலையில் வடிக்கிற இந்தத் தைலத்தை, நாம் ஜலதோஷத்துக்கு மாத்திரமே உபயோகிக்கிறோம்; ஆஸ்திரேலியர்கள் வீட்டில் ஸ்டிக்கர் பசை எடுப்பதற்கு அதையே வைத்திருக்கிறார்கள். சினியோல் என்ற அதன் முக்கியமான சத்து பசையை நன்றாக இளக்குகிறது. லைட்டர் பெட்ரோல் கிடைக்காத ஊரில், துணியில் சில சொட்டு விட்டுத் துடைத்து, உடனே சோப்பு நீரால் கழுவிவிடுவதற்கு அது உகந்ததே.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய் தோலுக்குச் சிறந்தது, ஒயருக்கு இரண்டாந்தரமானது. அது பசையைக் கரைப்பதில்லை. மெல்ல உள்ளே ஊறி, ஒட்டும் பிடியைத் தளர்த்துகிறது. நடிகரின் கழுத்திலும் கன்னத்திலும் மிஞ்சிய பசைக்கு அதைவிடச் சாதுவான பொருள் அரிது. வேஷம் கலைப்பதற்கென்று விற்கும் திரவங்களில் ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் என்ற எண்ணெய்ப் பொருள் சேர்வதும் இதே காரணத்தால்தான். டபிள்யூடி-40 என்ற பிரசித்தி பெற்ற தெளிப்பான், 1953-இல் அமெரிக்காவின் ஸான் டியேகோ நகரில் ராக்கெட்டின் உலோகத்தில் துரு ஏறாமல் இருப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி பெட்ரோலியத் திரவமாகையால் பசையை எடுக்கும், எஞ்சிய பகுதி எண்ணெயாகையால் ஒயரில் அடுத்த டேப் ஒட்டாதபடியும் செய்துவிடும். எண்ணெய் வகைகள் எதை உபயோகித்தாலும், பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த நீரால் அதைக் கழுவுவது இரண்டாவது வேலையாக வந்து சேரும்.

பெயிண்ட் தின்னரும், நெயில் பாலிஷ் ரிமூவரும் மைக் இருக்கும் அறைக்குள்ளேயே வரக்கூடாதவை. அஸிட்டோன், எதில் அஸிடேட், டொலுவீன் முதலிய அவற்றின் அங்கங்கள் பி.வி.சி.யை உப்பவைத்து உரித்துவிடும். டிரான்ஸ்மிட்டர் பெட்டியின் பிளாஸ்டிக்கையும் உருக்கும். ஒரு நாடகக் குழுவின் பெட்டியில், தின்னரால் துடைத்த ஒயரை நான் பார்த்திருக்கிறேன்: பசை போயிருந்தது, அதோடு உறையின் வழவழப்பும் போய்ச் சொரசொரப்பாகி, விரலிடையே உருவினால் கறுப்பு வர்ணம் கையில் ஒட்டியது. அந்த ஒயரில் மேலும் அதிக அழுக்கு ஒட்டுமே தவிரக் குறையாது.

திரவமே இல்லாமல் செய்யக்கூடியதும் ஓரளவு உண்டு. அன்றன்றைக்குப் பிரித்த டேப்பின் மிச்சத்தைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டியே எடுத்துவிடலாம். அல்லது அதே டேப்பின் புதிய துண்டை அதன்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால், பசை தன் இனத்தோடு சேர்ந்து வந்துவிடும். குழந்தைகளுக்கு உபயோகிக்கும் ஈரத்துணி வியர்வைக்கும் பவுடருக்கும் நல்லது, பழைய பசையை அது அசைக்காது. பனிக்கட்டியால் குளிரவைத்துப் பசையை உதிர்க்கலாம் என்பது சரியான யோசனையே, ஆனால் அந்தக் குளிரில் பி.வி.சி.யும் விறைப்பதால், வளைத்தால் உறை கீறும். ஹேர் டிரையரின் சூடு பசையை இளக்கும். எலெக்ட்ரெட் படலத்தின் மின்னூட்டத்துக்குச் சூடு பகை என்பதால், ஒலிவாங்கி இருக்கும் முனைப்பக்கம் அதைக் கொண்டு போகலாகாது. பிளேடுக்கும் கத்திக்கும் பேச்சுக்கே இடமில்லை.

செய்கிற விதத்தில் கவனிக்க வேண்டியது இது. திரவத்தை ஒயரின்மேல் ஒருபோதும் ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. துணியிலே நனைத்துப் பிழிந்தபின்பே ஒயரைத் தொட வேண்டும். ஒலிவாங்கியை உலர்ந்த துணியில் சுற்றி, ஒயரின் மற்றப் பகுதியைவிட உயரமாக வைத்துக்கொண்டால், திரவம் வழிந்தாலும் அதை நோக்கி ஓடாது. ஒலிவாங்கியின் பக்கத்தில் ஒயரை இடது கை விரல்களால் இறுகப் பற்றி, அந்தப் பிடிக்கு அப்பால் உள்ள பகுதியை மாத்திரம், பிடியிலிருந்து பிளக் இருக்கும் திசையில் துடைத்துக்கொண்டு போக வேண்டும். இழுப்பு விரலோடு நின்றுவிடும், ஒலிவாங்கியின் கழுத்துக்குப் போகாது. பசை வளையத்தின்மேல் நனைந்த துணியைச் சில விநாடி சுற்றிவைத்து, அது இளகினதை விரலால் உணர்ந்தபின் ஒரே வீச்சில் துடைத்து, துணியின் சுத்தமான பக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் தேய்ப்பவர் கரைந்த பசையை ஒயர் முழுவதற்கும் பூசிவிடுகிறார். கடைசியில் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவையும், வெறும் நீர்த்துணியால் ஒரு தடவையும் துடைத்து, நிழலில் தொங்கவிட்டு உலர்த்திய பிறகே சுருட்ட வேண்டும். பலர் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். ஆனால் மனிதரின் தோலைத் தொடப்போகும் ஒயருக்கு, பசையை எடுத்ததைப் போலவே பசை எடுத்த மருந்தையும் எடுப்பது அவசியம். பல மணி நேரம் வியர்வையோடு கழுத்தில் அழுந்தியிருக்கும் திரவத்தின் எரிச்சலை அனுபவிப்பவர் நடிகரே.

பசையே மிஞ்சாமல் செய்வதைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சி குறையுடையதாகும். காட்சி முடிந்த அன்றிரவே டேப்பைப் பிரிப்பது முதல் விதி. இளக்கி பசைக்குள் குடிபெயர அவகாசம் கொடுக்கலாகாது. டேப்பை மிக மெதுவாக உரித்தால் பசை நடுவில் கிழிந்து தங்கும், வேகமாகப் பிடுங்கினால் ஒயர் அறும். ஒயரைத் தோலோடு ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்பைத் தன்மேலேயே மடக்கி நடுத்தரமான வேகத்தில் உரிப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. தோலில் ஒட்டுவதற்கு மருத்துவ டேப்பைத் தவிர வேறெதையும் உபயோகிக்கலாகாது. ஓர் உருளை மருத்துவ டேப்பின் விலை ஓர் ஒயரின் விலையில் மிகச் சிறிய பகுதி. இவற்றைவிட மேலான உபாயம் ஒன்றை அனுபவசாலிகள் கைக்கொள்கிறார்கள். பிடரியில் படும் இடத்தில் ஒயரைச் சுற்றி டிரான்ஸ்போர் துண்டு ஒன்றை மடித்து, இருபக்கமும் ஒன்றோடொன்று ஒட்டுமாறு சிறு கொடிபோல் அமைத்துவிட்டு, தினசரி ஒட்டும் டேப் அந்தக் கொடியின்மேல் மாத்திரம் படும்படி செய்கிறார்கள். தினம் பிரிபடுவது கொடியின் முகமே. ஒயர் அந்தத் தினசரி டேப்பைத் தொடுவதே இல்லை. கொடி அழுக்கானால் அதை மாற்றிக்கொள்ளலாம். இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபம், அந்தக் கொடியே வெகுநாள் ஒயரில் நிற்பதால் அதன் அடியில் பசை இறுகும் என்பது. நியாயமான ஆட்சேபமே, ஆனால் மிச்சம் ஒரே இடத்தில், அக்ரிலிக் பசையாகவே, ஆல்கஹாலுக்கு இணங்குவதாக இருக்கிறது. ஒயர் நெடுகிலும் பல ஜாதிப் பசைகள் சிதறிக்கிடப்பதைவிட அது எவ்வளவோ சுலபம்.

வாடகைக்கு வந்த ஒயர், அல்லது கைமாறி வந்த பழைய ஒயர், உறையின் ஜாதியும் பசையின் ஜாதியும் தெரியாமல் வந்து சேர்ந்தால், சோப்பு நீரில் தொடங்கி, அடுத்ததாக ஆல்கஹால், அதற்கும் அசையாவிட்டால் லைட்டர் பெட்ரோல் என்ற வரிசையில் ஏறிச்செல்லலாம். புதிதாக எந்தத் திரவத்தை எடுத்தாலும், பிளக்கின் அருகே உடைக்குள் மறைந்துவிடும் ஓர் அங்குல நீளத்தில் முதலில் துடைத்து, ஓர் இரவு அப்படியே விட்டுவைத்து, மறுநாள் அந்த இடத்தை விரலில் சுற்றிப் பார்க்க வேண்டும். நிறம் வெளுக்காமலும், தொட்டால் பிசுபிசுக்காமலும், மற்றப் பகுதியைப் போலவே நெகிழ்ந்து வளையுமானால், ஒலிவாங்கியின் பக்கத்து வளையங்களுக்கு அதே திரவத்தைக் கொண்டு போகலாம்.